மாப்பிள்ளையின் பிளக்

கார்புரேட்டர்காரருக்குக் கோபம் வந்தால் கழுத்து சிவக்கும். அன்று காது வரைக்கும் சிவந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பதுதான்.

முப்பது வருடமாகப் பைக் மெக்கானிக். டயர், செயின், பிரேக்குக்கெல்லாம் ஆயிரம் பேர் உண்டு. கார்புரேட்டர் என்றால் பத்துக் கடை தாண்டி இவரைத்தான் தேடி வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே ரகம். வண்டியோடு வந்த, காற்றை வடிகட்டுகிற பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு பில்டரும், தெருவையே எழுப்புகிற சைலன்சரும் மாட்டிக்கொண்டு, "டப்பு டப்புனு வெடிக்குது, இழுக்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். காற்று முன்னைவிட அதிகமாக உள்ளே போகிறதே, அதற்குத் தகுந்த பெட்ரோல் யார் கொடுப்பது? பெட்ரோல் போகிற துளையைப் பெரிதாக்க வேண்டாமா? இவ்வளவு சின்ன விஷயம் ஏன்தான் இவர்கள் மண்டையில் ஏறாதோ! "வாங்கி மாட்டும்போது என்னைக் கேட்டியா? மாட்டினதுக்கப்புறம் எதையாவது நோண்டினியா? உண்மையைச் சொல்லு!" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரையே தொடுவார். வாடிக்கையாளர்களும் தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

மாப்பிள்ளையைத் திட்ட முடியுமா?

கல்யாணமாகி எட்டு மாதம். நல்ல பையன்தான், ஒரு குறை சொல்ல முடியாது. அவரும் வந்த வேகத்தில் கூம்பு பில்டரையும் சைலன்சரையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அருமையா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் மாமனார். பெட்ரோல் துளையுள்ள ஜெட்டில் நூறாம் நம்பரைக் கழற்றிவிட்டு நூற்றிப்பத்தைப் போட்டுக் கொடுத்தார். "ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டாங்க, பிளக் கலரைப் பாத்துச் சொல்றேன்."

இன்ஜினில் தீப்பொறி தருகிற அந்தப் பிளக் ஒரு வாரம் கழித்து வெள்ளைவெளேர் என்றிருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்; கூடிப்போனால் கரி படியும். நூற்றிப்பதினைந்து போட்டார். அடுத்த முறையும் வெள்ளை. உறிஞ்சும் குழாயில் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார், கார்புரேட்டருக்குள்ளிருக்கும் மிதவையின் உயரத்தை அளந்தார், எல்லாம் சரியாகவே இருந்தன. நூற்றிருபது போட்டார். வண்டி தொண்டை கட்டின மாதிரி கமறியது. பெட்ரோல் கூடிப்போச்சு என்று காது சொன்னது. பிளக்கைப் பார்த்தால் பற்றாக்குறை என்றது. எதைத்தான் நம்புவது? பிளக் பொய் சொல்லாது. அப்படியானால் காதுதான் போய்விட்டதா? அந்த நினைப்பு வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெறும் வண்டி விஷயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மகளுக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை, காலை ஆறு மணி ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. மாப்பிள்ளைதான் கொண்டுபோய் விடுகிறார். சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துபோகிறது, அப்புறம் உதைத்தாலும் எழுந்திருப்பதில்லை. மூன்று வாரத்தில் மூன்று தாமதம். "இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலை நிரந்தரமாகாது" என்று மேலாளரம்மா சனிக்கிழமை காலை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"ஊர் வண்டியெல்லாம் ஓட வெச்சுட்டு, பெத்த பொண்ணு போற வண்டியை நடுரோட்டுல நிக்க வெச்சிருக்கீங்களே" என்றாள் மனைவி. அவருக்கும் அதேதான் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வருவதாகப் போன் வந்தது. நூற்றிருபத்தைந்தாம் நம்பர் ஜெட்டை எடுத்து வைத்தார். துடைக்கிற துணி தீர்ந்திருந்ததால் வாங்கி வரலாம் என்று தெருமுனைக்கு நடந்தார். அங்கே வண்டி கழுவுகிற கடை வாசலில், நுரை சொட்டச் சொட்ட மாப்பிள்ளையின் பைக் நின்றது. பக்கத்தில் மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் எதையோ மாங்கு மாங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிளக்.

காலடியில் கரியாகக் கறுத்த துணி. சைலன்சர் வாயையும் அந்தத் துணியாலேயே துடைத்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

"டேய்!" கார்புரேட்டர்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "என்னடா பண்ணிட்டிருக்கே? அறிவிருக்கா உனக்கு? அந்தக் கரியைப் பாத்துதானேடா நான் வைத்தியமே பண்ணணும்! எத்தனை நாளா இந்தக் கூத்து?"

கழுவுகிறவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார்.

"எப்ப வந்தாலும் தொடச்சுட்டுத்தான் மாமா வருவேன்." மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அழுக்கு வண்டியை உங்க கையில குடுக்குறது மரியாதையில்லன்னு…"

"உன் மரியாதையைத் தூக்கிக் குப்பையில போடு! என் பொண்ணு வேலை போகப் பாத்துச்சுடா!"

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கால் மணி நேரம் கத்தினார். கத்தி முடித்த பிறகுதான் யாரைத் திட்டினோம் என்பது உறைத்தது. தலையைத் தூக்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து, பழைய நூற்றிப்பத்தையே போட்டார். மறுநாள் மாப்பிள்ளை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சேறும் தூசியுமாக அப்படியே கொண்டுவந்தார். பிளக் காபித்தூள் நிறத்தில், இருக்க வேண்டியபடியே இருந்தது. மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திங்கள் காலை ஆறு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. மகள்தான்.

"ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்பா. வண்டி எங்கயுமே நிக்கல."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "அவர்… என்மேல கோபமா இருக்காராம்மா?"

"நேத்துலேர்ந்து பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுச் சுத்துறாருப்பா, மாமா என்னை டா போட்டுத் திட்டிட்டாருன்னு. அப்படி ஒரு சிரிப்பு! உங்க வீட்டுல என்னை விருந்தாளியாவே வெச்சிருக்காங்கன்னு இத்தனை மாசமா ஒரே புலம்பல் தெரியுமா?"



"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று மகளைத் திட்டினார். கழுத்து மட்டும் சிவக்கவே இல்லை.