எசென்ஷியல், டிசைரபிள், பாத்திமுத்து

போன மாதம் எங்கள் மாட்டுங்கா வீட்டில் ஒரு இன்டர்வியூ நடந்தது. போர்டில் ஒரே ஒரு மெம்பர். அவரும் படுத்துக்கொண்டிருந்தார்.

மெம்பர் வேறு யாருமில்லை — என் மாமியார். சர்க்கார் ஆபீஸில், ஆள் எடுக்கும் செக்‌ஷனில், முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி சூப்பரின்டென்டென்டாக ரிட்டையர் ஆனவர். மனுப் போட்டவர்களின் சர்டிஃபிகேட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துப் பழகிய கண். என் ஜாதகம் வந்தபோதுகூட, 'காப்பியா? யார் அட்டெஸ்ட் பண்ணினது?' என்றுதான் முதலில் கேட்டாராம். இது என் கணவர் சொல்லும் கதை. மாமியார் இதுவரை மறுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆபரேஷன், உள்ளே ஒரு பிளேட், மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாசம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். எலும்பு நன்றாகச் சேர்ந்துவருகிறது, ஆனால் ஒரு மாதத்துக்குள் எழுந்து தானாக நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே மாட்டார் என்றார்.

மாமியாரோ காலைத் தரையில் வைக்க மறுத்தார். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பார். மறுநாளும் அதே 'நாளைக்கு'. மேலதிகாரிகளுக்கே பயப்படாத மனுஷி, எங்கள் வீட்டு மொசைக் தரையைப் பார்த்துப் பயந்தார்.

நானும் கணவரும் காலை எட்டு நாற்பது லோக்கல் ரயிலைப் பிடித்தாக வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் இல்லையா? 'எழுதிக்கோ' என்றார் மாமியார். நான் எழுதினேன். கார்பன் வைத்து, இரண்டு காப்பி.

எசென்ஷியல்: எஸ்.எஸ்.சி. பாஸ். நர்ஸிங் பயிற்சி சர்டிஃபிகேட். வயது நாற்பதுக்குள். அட்டெஸ்ட் செய்த இரண்டு நற்சான்றிதழ்கள். டிசைரபிள்: தமிழ் பேசத் தெரிந்திருத்தல், ஃபில்டரில் டிக்காக்‌ஷன் இறக்கத் தெரிந்திருத்தல்.

தாதரில் இருக்கும் ஒரு நர்ஸ் பியூரோ இந்த லிஸ்டை மரியாதையோடு வாங்கிக்கொண்டது. முதலில் வந்த பெண்ணிடம் ஐந்து சர்டிஃபிகேட். டெம்பரேச்சர் சார்ட்டை நீல மையில் முத்து முத்தாக எழுதினாள். ஜுரமே இல்லாத மாமியாருக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை டெம்பரேச்சர்! 'உட்டியே மாஜி', எழுந்திருங்கள் அம்மா, என்று மாலையில் ஒரு தரம் ஹிந்தியில் சொல்வாள். 'கல்' என்பார் மாமியார், அதே 'நாளைக்கு'தான், ஹிந்தியில். விஷயம் அத்தோடு முடிந்தது.

இரண்டாவதாக வந்தவள், நோயாளியைத் தூக்கி நிறுத்துவது ஆயாவின் வேலை, தன் ட்யூட்டியில் வராது என்றாள். நான் கொதித்தேன். மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "கரெக்ட்டாத்தான் சொல்றா. ட்யூட்டி சார்ட்ல இல்லாததை எப்படிப் பண்ணுவா?"

இரண்டு வாரம் போயிற்று. கால் தரையில் படவில்லை.

சண்டை போட வேண்டும் என்ற தீர்மானத்தோடு பியூரோவுக்குப் போனேன். மாடிப்படியில் ஒரு அம்மாள், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்து, சுவரைப் பார்த்துச் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தாங்கிளாஸ் படிச்சவதான் பெட்பேன் வைக்கணுமாம். பெட்பேன்ல என்னத்தை எழுதிப் படிக்கப் போறாளுவ?"

நான் படியிலேயே நின்றுவிட்டேன். பெயர் பாத்திமுத்து. சொந்த ஊர் மேலப்பாளையம். இருப்பது மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில். வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை தைக்கிறார். பன்னிரண்டு வருஷம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, அது மூடிய பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்து வருபவர். இப்போது பியூரோவில் புது ரூல் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். சண்டையை மறந்து, அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டேன்.

வழியெல்லாம் அந்த லிஸ்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். படிப்பு இல்லை. சர்டிஃபிகேட் இல்லை. போதாததற்கு எங்கள் வீட்டில் மடி, ஆசாரம் என்று கொஞ்சம் உண்டு. அதற்கு மாமியார் என்ன சொல்வாரோ?

நடந்தது இதுதான்.

"எஸ்.எஸ்.சி. எந்த வருஷம்?"

"நான் பள்ளிக்கூடமே போவலையேம்மா."

"ட்ரெய்னிங்?"

"பன்னெண்டு வருசம் ஆயா. பிள்ளை பெத்தவள மூணாம் நாளு நடக்க வச்சிருக்கேன்."

"அதுக்கு சர்டிஃபிகேட் எங்கே?"

"நடந்து போயிட்டாளுவளேம்மா. ஆரு எழுதித் தந்தா?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்ளிகேஷனை நிராகரிப்பதற்கு முன் செய்கிற காரியம் அது. "டெஸ்டிமோனியல் ஒண்ணாவது வேணும். நீ கவனிச்சுண்ட பேஷன்ட் யாராவது உன்னைப் பத்தி நல்லபடியா சொல்லணும்."

"அவ்வளவுதானா? நாளைக்குக் கொண்டாரேன்."

மறுநாள் காலை கதவைத் திறந்தால், பாத்திமுத்துவோடு ஒரு குஜராத்தி அம்மாள். எழுபது வயதுக்குக் குறையாது. பெயர் காந்தாபென். லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார்! மூச்சு வாங்கியதே தவிர, முகமெல்லாம் சிரிப்பு. நேரே மாமியாரின் கட்டிலருகே போனார்.

"சாத் மஹினா பிஸ்தர் பே தீ. அப் தேக்கோ!"

ஏழு மாதம் படுக்கையில் இருந்தவராம், இப்போது பார் என்கிறார். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு தடவை நடந்து காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்து டீ கேட்டார். மாமியார் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரிஜினலே வந்திருக்கு" என்று முணுமுணுத்தார்.

அவர்கள் போன பிறகு, நான் மென்று விழுங்கி அந்த மடி விஷயத்தை இழுத்தேன். மாமியார் லிஸ்டைக் கையில் எடுத்தார். "மதம் எசென்ஷியல்லயும் இல்லை, டிசைரபிள்லயும் இல்லை. இல்லாததை நீ எதுக்குடி சேர்க்கறே? நாளையிலேர்ந்து ப்ரொபேஷன்."

ப்ரொபேஷன் என்றால் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேடு வேண்டாமா? நீளமான ரெஜிஸ்டர் ஒன்று வாங்கிவந்தோம். கட்டைவிரல் ரேகைக்கு ஒரு ஸ்டாம்ப் பேட். காலை ஏழரைக்கு ரேகை. பத்து நிமிஷம் சலுகை. அதற்கு மேல் போனால் சிவப்பு மையில் 'லேட்'. மூன்று லேட் விழுந்தால் ஒரு நாள் லீவு கழியும். வீட்டுக்கு வருகிற ஆளுக்கு இப்படி ஒரு சட்டதிட்டம் மாட்டுங்காவில் வேறு எந்த வீட்டிலாவது உண்டா, தெரியவில்லை.

பாத்திமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஆபீஸ்ல இந்த நோட்டு எங்கம்மா இருக்கும்? ஒங்க கிட்டயா, வாசல்லயா?"

"வாசல்லதான். நேரம் தாண்டினதும் என் மேஜைக்கு வந்துடும்."

"ஆரு கொண்டாருவா?"

"பியூன்."

"நம்மகிட்ட பியூன் இல்லல்லா? அப்ப நீங்கதான் வந்து பாக்கணும்."

மாமியார் ரெஜிஸ்டரை அவரிடமே நீட்டினார். ரூல்படி பார்த்தால் சரிதானே!

முதல் நாள் மஸ்டர், கட்டிலிலிருந்து கைக்குச் சற்றே எட்டாத தூரத்தில் நாற்காலி மேல் இருந்தது. ரேகையைச் சரிபார்க்காமல் மாமியாருக்குக் காப்பி இறங்காது. பாத்திமுத்து இடுப்பில் கைகொடுத்துத் தாங்க, கால் தரையைத் தொட்டது. இரண்டு விநாடி. "அம்மாடி" என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டார்!

மூன்றாம் நாள் மஸ்டர் ஜன்னலுக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் ஹாலுக்கு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு டக், டக் என்று மாமியார் அதன் பின்னாலேயே போனார். 'இங்கே ஏன் வச்சே?' என்று தினம் ஒரு சண்டை. 'வெளிச்சம் நல்லா இருக்கும்மா' என்று தினம் ஒரு பதில். பத்தாம் நாள் அது வாசற்கதவருகே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தது. நடுவில் டிக்காக்‌ஷன் இறக்கும் வித்தையையும் பாத்திமுத்து கற்றுக்கொண்டார். நான் போடுவதைவிட நன்றாக இருக்கிறது என்று என் கணவர் என் எதிரிலேயே சொன்னார்.

எல்லாம் சரி. வாக்கரை மட்டும் மாமியார் விடுவதாக இல்லை. கையை எடுத்தால் முகம் வெளுத்துவிடும். டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிய மூன்றே நாள். தானாக நடக்க வேண்டும் என்றல்லவா சொன்னார்? நானும் கெஞ்சினேன், கணவரும் கெஞ்சினார். பாத்திமுத்து மட்டும் கெஞ்சவில்லை.

போன வியாழக்கிழமை. ஏழரை ஆயிற்று. பாத்திமுத்துவைக் காணோம். ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. ஏழு நாற்பது ஆனதும் உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை.

"வத்சலா! மஸ்டரைக் கொண்டா!"

"கையெல்லாம் தோசை மாவும்மா, இதோ வந்துட்டேன்!"

"முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு டிசிப்ளின் இல்லாத..." என்று ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

எனக்குப் பகீரென்றது. கை கழுவாமல் ஓடினேன். கட்டில் காலி. வாக்கர் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தது. விழுந்துவிட்டாரா? ஹாலுக்கு ஓடினேன். ஸ்டூலில் மஸ்டர் திறந்து கிடந்தது, ஈரம் காயாத சிவப்பில் 'லேட்'. வாசற்கதவும் திறந்திருந்தது.

வெளியே, மாடிப்படியின் உச்சியில், மாமியார். ஒரு கையில் சிவப்புப் பேனா, மறு கை கைப்பிடியில். கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து படி கீழே, மடியில் பையோடு, பாத்திமுத்து உட்கார்ந்திருந்தார். முகம் மேலே நிமிர்ந்திருந்தது. ஏந்திப் பிடிக்கத் தயாராக ஒரு கை நீண்டிருந்தது.

"இங்கேயா இருக்கே? எத்தனை நாழியா?"

"ஏழு இருவதுக்கே வந்துட்டேம்மா."

"பின்னே ஏன் உள்ளே வரலை?"

"நீங்க வெளிய வருவியளான்னு பாத்தேன்."

மாமியார் தன் காலைப் பார்த்தார். திரும்பி, வாக்கரைத் தேடினார். அது அங்கே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நான் மாவுக் கையோடு அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

"அப்போ... இது லேட் இல்லையே?"

"இல்லம்மா."

திரும்பினார். சுவரை லேசாகத் தொட்டபடி, தானாக, ஸ்டூல்வரை நடந்து வந்தார். 'லேட்'டை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. சர்வீஸில் ஒரு தடவைகூட அவர் லேட் மார்க்கை அடித்ததில்லை என்று கணவர் பிறகு சொன்னார். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கன்ஃபர்ம்டு'.

படிப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி போடக் கற்காதவர் என் பக்கத்தில் ஊசியோடு வந்தால் நானே அலறுவேன். ஆனால், ஒரு மனுஷியை எது எழுப்பும் என்று கண்டுபிடிக்கிற தகுதியை லிஸ்டில் எந்த வரியில் எழுதுவது?

எங்கள் வீட்டில் மூன்று பட்டதாரிகள். எங்களில் ஒருவருக்காவது நேரம் பார்த்து லேட்டாக வரத் தெரிந்ததா?