கதவைத் திறந்துவைத்த உலை

2009 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சிதம்பரத்திலிருந்து கடலூர் சிப்காட்டுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு பட்டறையில் அலுமினியம் உருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மாமா மீது திருட்டுச் சந்தேகம். உலையில் நூறு கிலோ போட்டால் வார்ப்பில் எட்டு கிலோ குறைந்தது. இன்னொரு வாரம் குறைந்தால் வேலை போய்விடும். அக்கா போனில் அழுதாள்.

காலை 7.10க்கு பஸ். டிக்கெட் பதினாறு ரூபாய், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும்.

மாமா உலைக்கதவை அகலத் திறந்துவைத்திருந்தார். உருகிய உலோகத்தின் மேல், பாலில் படிவதுபோல் ஏடு படியும். அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வழித்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாமா, கதவ மூடுறதில்லையா?"

"முன்னெல்லாம் மூடுவேன் மச்சான். போன மாசம் பட்டறையில சாமான் காணாமப் போச்சு, எல்லாரையும் சந்தேகமாப் பாக்குறாங்க. இப்போ தொறந்து வச்சாதான, நான் எதையும் ஒளிக்கலன்னு நாலு பேருக்குத் தெரியும்? ஏடும் ஜாஸ்தியாதான் வருது."

ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைப் பார்ப்பவன் நான். இங்கே உருக்குவதுபோல மெக்னீசியம் கலந்த அலுமினியம் வெறும் காற்றுப் பட்டால், ஏடு காலிஃபிளவர் மாதிரிப் பொங்கும். கொஞ்சம் கரியமில வாயு இருந்தால் மெல்லிய தோலாக அடங்கிவிடும். உலையில் டீசல் எரிந்த புகையிலேயே அந்த வாயு உண்டு. கதவைத் திறந்தால் புகை வெளியேறி, ஈரக்காற்று உள்ளே வரும். வழித்த இடத்தில் புது ஏடு கட்டும், வழிக்கும் கரண்டியோடு நல்ல உலோகமும் போகும். மனுஷன் தன் நேர்மையைக் காட்டக் காட்ட, எடை குறைந்திருக்கிறது!

ஓனரிடம் ஒருநாள் அவகாசம் கேட்டேன். அடுத்த உருக்கலில் கதவை மூடினோம். வார்ப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை வழித்தோம். மாலை 3.40க்கு எடை போட்டபோது இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. ஓனர் தராசை இரண்டு முறை பார்த்தார். "சரி, இனிமே மூடியே ஓட்டுங்க" என்றார். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

உலை பார்க்கப் போகிறவர்கள் பருத்திச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான எதையும் உருகிய அலுமினியத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். ஐந்து மணிக்குள் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

நாங்களும் ஐந்துக்குள் கிளம்பினோம். கேட்டில், தினமும் மாமாவின் டிபன் டப்பாவைச் சோதிக்கும் வாட்ச்மேன், "நீங்க போங்கண்ணே, இனிமே பாக்க வேணாம்னுட்டாங்க" என்றார். அதற்குள் மாமா டிபன் டப்பாவைத் திறந்து அவர்முன் நீட்டியிருந்தார்.

"மூடுங்க மாமா" என்றேன்.