ஐந்தடி ஏழில் ஒரு சென்டர்

மேலப்பாளையத்தில் வெங்காயம் வதக்கிக்கொண்டே ஒரு கூடைப்பந்து அணியை நடத்துகிற பெண் யாரென்று கேட்டால், விரல் விட்டு எண்ண வேண்டாம். ஷம்ஸியா ஒருத்திதான்.

போனில் ஆடுகிற ஆட்டம் அது. பந்தைத் தொட வேண்டியதில்லை. ஆட்களைப் பிடித்து, வாரம் ஒரு பயிற்சியைத் தேர்ந்து, யார் எந்த இடத்தில் நிற்பது என்று பதிந்து வைத்தால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தானாக நடந்து முடிவு வந்துவிடும். தன் அணிக்கு அவள் வைத்த பெயர் மேலப்பாளையம் மின்னல். மின்னல் போலவே எப்போதாவதுதான் வெளிச்சம் காட்டும்.

அதே லீக்கில் ஏரல் எக்ஸ்பிரஸ் என்றொரு அணி உண்டு. அதன் சொந்தக்காரி விஜயஸ்ரீ, பிறந்தது ஏரல், இப்போது ராதாபுரத்தில் கணக்கு டீச்சர். இருவரும் பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள், பள்ளி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். விஜயஸ்ரீ நெடுநெடுவென்று வளர்ந்தவள். அவள்தான் சென்டர், ரிங்குக்குக் கீழே நின்று பந்தைப் பறித்துப் போடுகிறவள். ஷம்ஸியா குட்டை. பி.டி. டீச்சர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றே ஒன்று.

"பந்தைக் கொண்டுபோயி விஜயஸ்ரீ கையில குடு. மத்தத அவ பாத்துக்கிடுவா."

அந்த நாட்களை ஷம்ஸியா இன்றைக்கும் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். காலைச் சுடுகிற சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம், ஆட்டம் முடிந்து குழாயடியில் ஒரே துப்பட்டாவை நனைத்து இருவரும் முகம் துடைத்தது. பஸ் ஸ்டாண்டில் ஏரல் பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். விஜயஸ்ரீ அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை பேசிக்கொண்டு நிற்பாள். அப்படி என்னதான் பேசினார்களோ, ஒரு வார்த்தைகூட இப்போது ஞாபகம் இல்லை. பேசியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. ஷம்ஸியாவின் மாப்பிள்ளை ஹசன் அலி சவூதிக்கு, தம்மாமில் வேலைக்குப் போனார். தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புகிறவர்கள் ஆனார்கள். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்து அனுப்பியது விஜயஸ்ரீதான். சீசனுக்கு இரண்டு முறை இரண்டு அணிகளும் மோதும். மோதுகிற வாரத்தில் ஏச்சும் கேலியுமாகச் செய்திகள் பறக்கும். அந்தச் சிநேகிதத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

அதற்கும் வேட்டு வைக்க மின்னல் அணிக்கு வந்து சேர்ந்தான் தத்தா. பல்பீர் தத்தா. ஆட்டக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும். பஞ்சாபியையும் வங்காளியையும் முடிச்சுப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வயது பதினெட்டு, உயரம் ஐந்தடி ஏழு. கூடைப்பந்துக்கு அது குள்ளம்.

இந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் ஆடுகிறானோ அந்த இடத்தின் பயிற்சிதான் ஒருவனுக்கு ஏறும். பதினெட்டு வயதில் மடமடவென்று ஏறும், முப்பது தாண்டினால் ஏறவே யோசிக்கும். ரிங்கடி வித்தைகள் நெட்டையனுக்குச் சீக்கிரம் வரும், குட்டையனுக்கு இழுத்தடிக்கும். புத்தியுள்ள யாரும் தத்தாவை, பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனாகத்தான் வளர்ப்பார்கள். ஷம்ஸியா அவனை சென்டராக நிறுத்தினாள். முழு ஆட்டமும் நிறுத்தினாள். நெட்டையர்கள் அவன் தலைக்கு மேலே பந்தைப் பறித்துப் பறித்துப் போட, மின்னல் வாரந்தோறும் தோற்றது.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் லீக்கில் இருக்கலாம், தோற்றால் கீழ் லீக். விஜயஸ்ரீ மேலேயே இருப்பாள். அப்புறம் மோதல் ஏது, ஏச்சு ஏது?

"இந்த ஒரு ஆட்டத்துக்கு அவன உக்கார வையிட்டி" என்று விஜயஸ்ரீ செய்தி அனுப்பினாள்.

தம்மாமிலிருந்து கூப்பிட்ட ஹசன் அலிகூட, "அந்தக் குட்டப்பயல இன்னுமா வச்சிருக்க?" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஷம்ஸியா ஒரு நெட்டையனை சென்டரில் போட்டாள். தத்தாவின் பெயர் கீழே இறங்கி, பக்கத்தில் 'பெஞ்ச்' என்று வந்தது. அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வெங்காயம் கருகியது. பிறகு நெட்டையனை எடுத்துவிட்டு, தத்தாவை மறுபடி ரிங்குக்குக் கீழே நிறுத்தினாள்.

மின்னல் மண்ணைக் கவ்வியது.

முடிவு வந்த கையோடு போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் விஜயஸ்ரீயின் குரல்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? இனி ஒன்ன எங்கன வச்சிப் பாக்க?" ஏசிக்கொண்டே வந்த குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

"அவன உக்காரச் சொல்ல மனசு வரலட்டி" என்றாள் ஷம்ஸியா. அதோடு பேச்சை நிறுத்தத்தான் நினைத்தாள், வாய் நிற்கவில்லை. "நானும் ஒருநாளு ரிங்குக்குக் கீழ நிக்க ஆசப்பட்டேன். டீச்சரு கேக்கல. நீயும் கேக்கல. பந்தக் கொண்டாந்து கொண்டாந்து ஒன் கையில தந்தேன்."

கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள் ஷம்ஸியா.

"நாளைக்கி ஞாயித்துக்கெழமதான?" என்றாள் விஜயஸ்ரீ. "பஸ்ஸப் பிடிச்சு இங்கன வா. எங்க ஸ்கூல்ல ரிங்கு இருக்கு."

ராதாபுரத்துப் பள்ளி மைதானம் வெறும் செம்மண். சுற்றிலும் பனைகள். விஜயஸ்ரீ கொஞ்சம் பருத்திருந்தாள், முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தாள். ஷம்ஸியா பழைய வழக்கத்தில் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போகத் திரும்பினாள்.

விஜயஸ்ரீ பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ அங்கன நில்லு. ரிங்குக்குக் கீழ."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுக்கோட்டிலிருந்து மூச்சிரைக்கத் தட்டிக்கொண்டே வந்து, பந்தை ஷம்ஸியாவின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. மத்தத நீ பாத்துக்கோ."

ஷம்ஸியாவுக்கு ரிங் சரியாகத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. எம்பி எறிந்தாள். பந்து வளையத்தில் முட்டி, மைதானத்தின் ஓரத்துக்கு உருண்டு ஓடியது.

விஜயஸ்ரீ முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய் அதை எடுத்தாள். மறுபடியும் நடுக்கோட்டுக்குப் போய், அங்கிருந்து கொண்டுவந்தாள்.