முடிதிருத்துகிறவர் வீட்டில் பேன்

எங்கள் தெரு முனையில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ‘மீசை கடை’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும். கடைக்காரரின் மீசை அப்படி. புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், பயம் போய்விடும். மீசைக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிப் பேசிக் கணீரென்ற குரல். “வீட்டுல நான் வெளிய கிளம்பினாலும் ‘எங்க, போக மட்டுமா, போக வரவா’ன்னு கேக்கறா” என்று மீசைக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. வைத்தியமெல்லாம் பார்த்து அலுத்த பிறகு, ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஒன்றுதான் கேட்டார்கள். குழந்தைகள் இல்லத்துப் பொறுப்பாளரோ, அண்ணன் தம்பியாக இரண்டு பேர் இருக்கிறார்கள், பிரிக்க முடியாது என்றார். மீசைக்காரர் “யோசிச்சுச் சொல்றோம்” என்று தொடங்குவதற்குள் பக்கத்திலிருந்த மனைவி, “ரெண்டு பேரும் வரட்டும்” என்று சொல்லிவிட்டார். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகம்.

பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. சின்னவன் வந்த வாரமே வீட்டைத் தனதாக்கிக்கொண்டான். புது அப்பாவை அவன் ‘மீசை’ என்றே கூப்பிட்டான். “மீசை, தண்ணி!”, “மீசை, தூக்கு!” அவரும் சந்தோஷமாக ஓடினார்.

பெரியவன் வேறு மாதிரி. அங்கிள், ஆன்ட்டி என்று மரியாதையாக அழைப்பான். எதையும் கேட்க மாட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். தம்பியைக் குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாம் அவன்தான். ஆன்ட்டி துண்டை எடுத்துக்கொண்டு போனால், “நான் பாத்துக்கறேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்?” என்பான். பெரிய மனுஷத்தனமான அந்தப் பேச்சைக் கேட்டு விருந்தாளிகள் மெச்சுவார்கள். அந்த அம்மா மட்டும் சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். அவன் ஏற்கெனவே ஒரு வீட்டுக்குத் தம்பியோடு போய், சில மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டவன் என்று அவருக்குத் தெரியும். ஏன் அனுப்பினார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் எது தப்பு என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருந்தான்.

வீடு மாடியில், கடை கீழே. பள்ளிக்கூடம் விட்டதும் பெரியவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எழுதுவான். ஒரு சாயங்காலம் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மீசைக்காரர் அந்தச் சிறுமியின் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பேன் இருக்கு. பேன் இருந்தா நான் அனுப்பிடுவேங்க. யாரா இருந்தாலும் சரி. தலைய சுத்தம் பண்ணிட்டு அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க.”

அவர்கள் போய்விட்டார்கள். மீசைக்காரர் சீப்பைக் கொதிநீரில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனித்தார். பெஞ்சில் பென்சில் ஓடாமல் நின்றதை அவர் பார்க்கவில்லை. முதல்நாள்தான் பெரியவன் தம்பியின் தலையைத் துவட்டும்போது, காதோரம் ஏதோ ஊர்வதைப் பார்த்திருந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அந்த அம்மா வேலைக்குப் போயிருந்தார். மீசைக்காரர் மதியம் கடையைச் சாத்திவிட்டு, மாடியில் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தார். திடீரென்று கீழேயிருந்து அலறல். செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

சுழலும் நாற்காலியின் கைப்பிடிகள் மேல், குழந்தைகளை உட்கார வைக்கிற பலகை சரியாக வைக்கப்பட்டிருந்தது. அதில் சின்னவன். கழுத்தைச் சுற்றித் துணி, பின்னால் கிளிப், எல்லாம் முறைப்படி. தலைதான் ஆடு மேய்ந்த தோட்டம் மாதிரி இருந்தது. காது நுனியில் வெட்டு. ரத்தம் துணியில் சொட்டியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் மேல் பெரியவன், கையில் கத்தரியோடு. அவன் அழவில்லை. முகம் வெளிறியிருந்தது.

“நான்தான் பண்ணேன், அங்கிள். அவன் ஒண்ணும் பண்ணல.”

மீசைக்காரர் கத்தரியை வாங்கி வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்துச் சின்னவன் காதில் அழுத்தினார். வெட்டு ஆழமில்லை.

“என்னடா இது? எதுக்குடா?”

“அவன் தலையில பேன் இருக்கு. முடிய எடுத்துட்டா போயிடும்னு நெனச்சேன்.” பெரியவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். “அனுப்பறதா இருந்தா என்ன மட்டும் அனுப்புங்க. அவன் சின்னப் பையன். இங்கயே இருக்கட்டும்.”

“அனுப்பறதா? எங்க?”

“பேன் இருந்தா அனுப்பிடுவேன், யாரா இருந்தாலும் சரின்னு நேத்து சொன்னீங்களே.”

மீசைக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. என்னிடம் இதை அவரேதான் பிறகு சொன்னார். சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த முடி மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

“டேய், நான் அந்தப் பொண்ண அவ வீட்டுக்குத்தானடா அனுப்பினேன்?” என்றார். “உன்ன எங்க அனுப்புவேன்? உன் வீடு மாடியில இருக்கு. வேணும்னா மாடிக்கு அனுப்பறேன், போறியா?”

பெரியவன் அவர் முகத்தையே பார்த்தான். கேலியா நிஜமா என்று புரியாமல் நின்றான். அந்த நேரம் பார்த்து, அழுகையை நிறுத்திவிட்ட சின்னவன், அவர் மீசையைப் பிடித்து இழுத்து, “இதுலயும் பேன் இருக்குமா, மீசை?” என்று கேட்டான். மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். பெரியவன் உதடு துடித்து, கடைசியில் அவனும் அழத் தொடங்கினான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் அழுதது அதுதான் முதல்.

சாயங்காலம் மனைவி வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை தன் பின்தலைக்குப் போனது. சட்டென்று நிறுத்தினார். “ஐயய்யோ. ஒரு வாரமா அரிக்குதுங்க. வேர்வைன்னுல்ல நெனச்சேன்!”

சோதித்துப் பார்த்ததில் நாலு தலையிலும் குடித்தனம். ஊருக்கெல்லாம் தலை சுத்தம் சொல்லுகிறவர் வீட்டில்! “வெளிய தெரிஞ்சா மானம் போச்சு” என்று மீசைக்காரர் புலம்பினார். வாரத்திலேயே அதிகக் கூட்டம் வருகிற மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. மாடியில் ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, மருந்தும் பேன் சீப்புமாக உட்கார்ந்தார்கள். முதலில் சின்னவனைப் பிடித்து, மிச்சமிருந்த முடியை ஒட்ட வெட்டினார்கள். அப்புறம் மீசைக்காரர் தலை. அப்புறம் மனைவிக்கு அவர் சீவினார். “மெதுவா! நான் என்ன கஸ்டமரா, இந்த இழு இழுக்கறீங்க?” என்று அந்த அம்மா கத்தினார்.

பெரியவன் முறை வந்தது. “நானே சீவிக்கறேன், ஆன்ட்டி” என்றான்.

“உன் பின்தலை உன் கண்ணுக்குத் தெரியுமாடா?”

யோசித்துப் பார்த்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்தான். அந்த அம்மா அவன் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்தார். கழுத்து மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. தலையின் பாரத்தை மடியில் வைக்காமல் தூக்கியே பிடித்திருந்தான். அவர் வகிடு வகிடாகப் பிரித்துச் சீவினார். கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். “இன்னிக்கு லீவு!” என்று மீசைக்காரர் ஜன்னல் வழியாகக் கத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தலை கனத்தது. அப்புறம் முழு பாரமும் மடியில் இறங்கியது. குனிந்து பார்த்தால், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பேன் தீர்ந்த பிறகும் அந்த அம்மா சீப்பை நிறுத்தவில்லை. கால் மரத்துப்போய், எழுந்திருக்கக் கணவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தம்பியைக் குளிப்பாட்டும் வேலையை அவன் விட்டுக்கொடுக்க ஒரு மழைக்காலம் ஆனது. எந்த நாளில் ‘அங்கிள்’ போய் ‘அப்பா’ வந்தது என்று மீசைக்காரருக்கு ஞாபகமில்லை. “முடி வெட்டிட்டு இருந்தேன் போல, கவனிக்கல” என்று இன்றைக்கும் வருத்தப்படுவார்.

போன மாதம் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்தது. அது வந்த அட்டைப்பெட்டிக்காகப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சண்டை. “நான்தான் மொதல்ல பாத்தேன்!” என்று பெரியவன் தம்பியைப் பிடித்து வெளியே தள்ளினான். சின்னவன் கடித்துவிட்டான். அம்மா வந்து விலக்கி, “பெரியவன் நீதானே, விட்டுக்குடு” என்றதும் வந்ததே கோபம்!

“எப்பவும் நானே விட்டுக்குடுக்கணுமா? நீ அவனுக்குத்தான் அம்மாவா?” என்று கத்திவிட்டு, அறைக்குள் போய்க் கதவைப் படீரென்று அறைந்து சாத்தினான். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

அந்த அம்மா திகைத்து நின்றார். சத்தம் கேட்டு மாடிக்கு ஓடிவந்த கணவரிடம், “என்னங்க, என்னையே எதிர்த்துப் பேசறான், கதவை அறையறான்” என்றார். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

“போய் சமாதானம் பண்ணட்டுமா?”

“விடு. நல்லா கோவப்படட்டும்” என்றார் மீசைக்காரர்.

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பெரியவன் யாரையும் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போனான். பாத்திர மூடிகளைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

“இதுதானா? வேற எதுவும் இல்லையா?” என்றான், உள்ளேயிருந்து, எரிச்சலாக.