பதினாறாம் நம்பர் லைட்

“அண்ணாச்சி, படத்துக்கு வெளிச்சம் போடுதவுக நீங்கதான?”

தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் கேட்டாள். யுத்த காலம். சென்னை பிலிம் லேபிலிருந்து லீவில் வந்திருந்தேன். அவள் பேச்சியம்மாள், அச்சன்புதூர் சுடலைமுத்துவின் மனைவி. அவன் பட்டாளத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது எந்த ஷாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றாம் நம்பர் லைட் மங்கல், இருபது பிரகாசம். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: லைட் கூடக் கூட பிரிண்ட் கறுக்கும். ஒரு ஷாட்டின் இருபது கட்டங்களை, அதாவது பிரேம்களை, கட்டத்துக்கு ஒரு லைட்டாக வரிசையாக அடித்து டெஸ்ட் எடுப்போம். பொருந்திய நம்பருக்கு வட்டம் போட்டு, அந்தத் துண்டைக் கம்பெனி நோட்டில் ஒட்டிவைப்போம்.

சுடலைமுத்து பட்டாளத்துக்குப் போகுமுன் குற்றாலத்தில் ஷூட்டிங் நடந்தபோது ஒரு பங்களாவின் குளியலறையை இருட்டறையாக்கி அங்கேயே டெஸ்ட் எடுத்தேன். சாரலில் பிலிம் லேசில் காயாது. ராஜா தீப்பந்தங்களோடு ராத்திரி காட்டுவழி வருகிற சீன். எடுத்தது பகலில், லைட்டைக் கூட்டி இரவாக்க வேண்டும். பந்தம் பிடித்தவர்களில் சுடலைமுத்து வாய் ஓயாதவன்.

“அண்ணாச்சி, நம்ம மூஞ்சியும் தெரியும்படி போடுங்க. எங்க வீட்டுக்காரி ராஜாவப் பாக்கவா வருவா?”

“போடுதேன்லே, போ” என்றேன்.

டெஸ்டில் ஐந்தாம் நம்பரில் அவன் முகம் தெளிவு. ஆனால் அதில் ராஜாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சென்னையில் துண்டைப் பார்த்த லேப் தலைவர் சிரித்தார். “பந்தக்காரன் மூஞ்சியைப் பார்க்க எவன்யா டிக்கெட் வாங்குறான்?” பதினாறுக்கு வட்டம் போட்டேன்.

“ரெண்டு ஆட்டம் பாத்துட்டேன்,” என்றாள், வாசலில் நின்ற பேச்சியம்மாள். “நடை அவுக நடைதான். மூஞ்சிதான் கருப்பா கெடக்கு. வீட்டுல ஒரு போட்டோ கெடையாது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விட்டிருக்கப்பிடாதா?”

கூடுதலாக விட்டதால்தான் அப்படி ஆனது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

சென்னை போனதும் அந்த ஷாட்டில் ஒரு முழம் பிரிண்ட் கேட்டேன். “யுத்தத்துல ரா பிலிமே கிடைக்கலை. உனக்குப் பந்தக்காரன் வேணுமா?” என்றார் தலைவர். நோட்டிலிருந்து டெஸ்ட் துண்டைப் பெயர்த்தேன். எங்கள் தொழிலில் அது பெரிய குற்றம்.

அடுத்த லீவில் துண்டையும் பூதக்கண்ணாடியையும் அவளிடம் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்து, ஐந்தாம் கட்டத்தில் வெகுநேரம் நின்றாள்.

“வாயத் தெறந்துட்டு இருக்காக. எப்பமும் பேச்சுதான்.”

பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்த்தாள். ஆறு, ஏழு, எட்டு. முகம் மங்கிக்கொண்டே போனது. பன்னிரண்டில் கண்ணாடியை இறக்கினாள். என் கத்தரியைக் கேட்டு வாங்கி, எட்டாம் கட்டத்தோடு வெட்டினாள்.

“இருட்டுன பக்கம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க.”

லைட் போட வருகிற பிள்ளைகளே, வட்டம் போடுமுன் கட்டத்தின் ஓரத்தில் நிற்பவனையும் ஒரு தடவை பாருங்கள். பார்த்தாலும் ராஜாவின் நம்பரைத்தான் போட வேண்டியிருக்கும். நானும் கடைசிவரை அப்படித்தான் போட்டேன். ஆனால் “போடுதேன்” என்று அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை.