மூடாத வட்டம்

இது நடந்தது. மூன்று பேரிடம் சொன்னேன். வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்றார்கள். ஏறவில்லை. தொப்பி போட்டிருந்தேன்.

காட்டுத்தீக்குப் பிறகு காடு எப்படித் திரும்புகிறது என்று மாதாமாதம் நாற்றுகளை எண்ணுவது என் வேலை. நான் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. கிளெம் ஹாடோவின் நிலத்தில், கரியாய் நின்ற யூகலிப்டஸ் மரங்களெல்லாம் அடிமுதல் நுனிவரை தளிர்விட்டிருந்தன. தரையெங்கும் வாட்டில் மர நாற்று. மேற்குச் சரிவில் மட்டும், நான் எண்ணும் இடத்தில், அரிவாள்போல வளைந்த ஒரு பட்டை வெறும் மண். யாரோ நாற்றையெல்லாம் சுரண்டி எறிந்திருந்தார்கள். ஒரு முறை அல்ல, நான்கு முறை! முட்டி வலிக்க உட்கார்ந்து எண்ணியவள் நான்.

"பிப்ரவரிக்குள்ள அங்க காடு வரலன்னா பைன் நட்டுருவேன்" என்று சொல்லியிருந்தவர் கிளெம். நாற்று வராவிட்டால் லாபம் அவருக்குத்தான்; வேறு யாராக இருக்கும்? நேரே போய்க் கேட்டேன்.

"உங்க வேலைதானே?"

"உன் வாலபிக் கங்காருங்க மண்வெட்டி பிடிக்கக் கத்துக்கிச்சோ என்னவோ."

"விளையாடாதீங்க, கிளெம்."

"நான் அந்தச் சரிவுக்குப் போறதே இல்ல, லியோனி."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 9, எங்கள் பக்கம் உச்சக் கோடை. பகல் 2.35. கையும் களவுமாகப் பிடிக்க, சரிவிலேயே நின்றேன். காற்று இல்லை. காது கிழியக் கத்திய சில்வண்டுகள் சட்டென்று அடங்கின.

சரக்... சரக்...

இரும்பு மண்ணைச் சுரண்டும் சத்தம். ஆள் இல்லை.

2.41. புகை நாற்றம். எங்கும் புகை இல்லை.

"போதும்! ஒரு நாத்தையாவது விட்டு வையேன்!" என்று கத்தினேன்.

சத்தம் நின்றது.

பிறகு என் முதுகுக்குப் பின்னால் தொடங்கியது. வேகமாக... மூச்சு வாங்க...

இடப்பக்கம்...

முன்னால்...

குனிந்தேன். என்னைச் சுற்றி வெறும் மண். வட்டமாக.

வலப்பக்கம் மட்டும் ஓரடி விட்டுப்போயிருந்தது. அந்த வழியாகத்தான் ஓடினேன்.

கிளெமின் கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார வைத்தார்.

"என் தம்பி வெர்ன். போன வருஷம் இதே நாள், அந்தச் சரிவுல. தீ நாலாபக்கமும் வந்துருச்சு. தீ தாண்டி வராம இருக்க, மண்வெட்டியால தன்னைச் சுத்திச் சுரண்டியிருக்கான். வட்டம் முடியறதுக்குள்ள..."

"ஓரடி பாக்கி" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்? அவனைத் தூக்கினவன் நான் ஒருத்தன்தான். யார்கிட்டயும் சொல்லல."

கிளெம் பைன் நடவில்லை. "தீ அணைஞ்சுருச்சுன்னு அவனுக்கு யாரும் சொல்லலயே" என்றார், அவ்வளவுதான். பிப்ரவரியில் மறுபடி எண்ணப் போனேன். வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஓரடியில் மட்டும் பதினேழு நாற்று.