லிஃப்டருக்குப் பூப்போட்டுப் பார்த்த கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எழுதுவதும், யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும்தான் என் வேலை. கல்லூரியில் இரண்டு வருடம் வாலிபால் டீமில் இருந்தேன் என்று ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அதோடு தொலைந்தது. எஸ்டேட் டீமுக்கு நான்தான் கோச் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு வருடமும் நான் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாலிபால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு பேரில் லிஃப்டர் என்று ஒருவர் இருப்பார். பின்னாலிருந்து வரும் பந்தை விரல் நுனியில் வாங்கி, அடிக்கிறவருக்கு வாகாக நெட்டுக்கு மேலே தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. நன்றாகக் கொடுத்தால் அடித்தவருக்குக் கைதட்டு. கொஞ்சம் பிசகினால் லிஃப்டருக்குத் திட்டு. உலகத்தில் இவ்வளவு நன்றி கெட்ட வேலை இன்னொன்று உண்டென்றால் அது கோச் வேலைதான்.

எங்களிடம் இரண்டு லிஃப்டர்கள். ஒருவர் எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தவர், காப்பிச் செடிகளைக் கிளை கழித்துக் கவாத்து செய்கிறவர், பத்து வருடமாக ஆடுகிறவர். அவரை மூத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் என்றாலும் வயது இருபத்தொன்பதுதான். இன்னொருவர் பக்கத்து ஊரான தலைச்சோலையில் சொந்தக் காடு வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், பழம் பறிக்கும் காலத்தில் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வருவார், வயது இருபத்தொன்று. அவர் இளையவர்.

அந்த வருடம் கோடையில் ஏற்காட்டில் மூன்று நாள் போட்டி நடந்தது. கடைசி நாள் ஆட்டத்தைப் பார்க்க சேலத்திலிருந்து ஒரு மில்லின் ஆள் வருகிறார், அவர்கள் டீமுக்கு லிஃப்டர் தேடுகிறார்கள் என்று செய்தி வந்தது. எடுத்தால் மில்லில் நிரந்தர வேலை. மூத்தவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, முப்பது தாண்டினால் மில்லில் சேர்க்க மாட்டார்கள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். இந்த ஒன்று கிடைத்தால் அதுகளைக் கீழே சேலத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன் என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருந்தார். அதுவரை அவர் எனக்குச் சொன்ன ஒரே சொந்த விஷயம் அதுதான்.

முதல் நாள் மூத்தவரை இறக்கினேன். பத்து வருடமாக ஆடிய கை அன்றைக்கு ஏனோ சரியாக வரவில்லை. பந்து தாழ்வாகப் போனது, நெட்டில் மாட்டியது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. நான் பதறிப்போய் அவரை வெளியே எடுத்து இளையவரை இறக்கினேன். ஜெயித்தோம். அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் என்னை ஒரு டீ குடிக்க விடவில்லை. பத்துப் பேர் சுற்றிக்கொண்டார்கள். எஸ்டேட் லைன்காரர்கள் மூத்தவரை எடுத்தது அநியாயம் என்றார்கள். தலைச்சோலைக்காரர்கள் இளையவரை முதலிலேயே இறக்காதது அநியாயம் என்றார்கள். சேலம் போகும் பஸ்ஸின் டிரைவர் பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏனுங்க ரைட்டரே, அந்த மூத்தவர ஊட்டுல உக்கார வையுங்க. கை நடுங்குதுங்க அவருக்கு.”

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு அம்மா, அதெல்லாம் இல்லை, அவரே இருக்கட்டும் என்று குரல் கொடுத்தார். வாலிபாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆளாளுக்கு வாய், எனக்கு மட்டும் இரண்டே காது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மூத்தவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் சுற்றியிருந்தார். மெல்ல அருகில் வந்தார்.

“ரைட்டருங்க, ஒரு வார்த்தை பேசோணுமுங்க.”

என் இடத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏற்கனவே தலை வெடித்துக்கொண்டிருந்தது. நாளைக்குப் பேசலாம், போங்க என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலை மைதானத்திலும் பக்கத்தில் வந்து நின்றார். மேட்ச் முடியட்டும் என்று கையைக் காட்டினேன்.

இரண்டாம் நாள் இளையவரை முதலில் இறக்கினேன். அவர் முதல் செட்டில் தடுமாறினார், செட் போனது. உடனே லைன்காரர்கள் கத்தினார்கள், இன்னும் எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. நானும் இன்னும் எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மூத்தவரைக் கூப்பிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இளையவர் வெளியே வரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார், உட்காருங்க என்று அதட்டினேன். மூத்தவர் எப்படியோ தட்டுத்தடுமாறி ஆடி, நூலிழையில் ஜெயித்தோம். அவர் விரலில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. லிஃப்டர்கள் பிளாஸ்திரி சுற்றுவது வழக்கம்தான் என்பதால் நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. சோற்றைப் போட்டுக்கொண்டே என் மனைவி, “நாளைக்கு அந்தச் சின்னவரையே போடுங்க” என்றாள். அவள் மைதானத்துப் பக்கம் வந்ததே இல்லை. பக்கத்து வீட்டம்மா சொன்னாராம். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

எங்கள் அம்மாவின் ஊர்ப்பக்கம் கல்யாணம் பேசும்போது பூப்போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் சாமியின் உத்தரவு. அதை வாலிபாலுக்குப் போட்டுப் பார்த்த மனிதன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசி நாள் காலையில் மல்லிகையும் சிவப்பு அரளியும் வாங்கி, வாழையிலைத் துண்டில் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலை உச்சிக் குகையில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். மல்லிகை மூத்தவர், அரளி இளையவர். யாரை இறக்கினாலும் இனி ஊர் என்னைத் திட்ட முடியாது என்பதுதான் என் பக்தியின் அளவு.

குகைக்குள் குனிந்து போய்ப் பூசாரியிடம் பொட்டலங்களைக் கொடுத்தேன். கல்யாணமா என்று கேட்டார். மேட்ச் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லிகை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. திருநீறு கொடுக்கும்போது பூசாரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பூ வந்தது வாஸ்தவமுங்க. ஆனா நம்ம தலைச்சோலையாரு நொம்ப நல்லா ஆடறாருங்க.”

நான் குனிந்து வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன்.

மைதானத்தில் எல்லாரும் கேட்கும்படி அறிவித்தேன். பூப்போட்டுப் பார்த்தாயிற்று, சாமி உத்தரவு, மூத்தவர்தான் ஆடுகிறார். சத்தம் அப்படியே அடங்கியது. தலைச்சோலைக்காரர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். நெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மில் ஆள் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கைக்கு நேராக வந்த பந்து விரல்களுக்கு நடுவில் நழுவிக் கீழே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது பந்து அவர் கையில் பட்டு என் காலடியில் வந்து விழுந்தது. மில் ஆள் வாட்சைப் பார்த்தார். முதல் செட் போனது. மூத்தவர் ஓரத்துக்கு வந்ததும் அத்தனை பேருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாமியே கொடுத்த இடத்தை இப்படிக் கெடுக்கிறீங்களே என்றேன்.

அவர் கையை வாய்க்குக் கொண்டுபோனார். பல்லால் கடித்துப் பிளாஸ்திரியைப் பிரித்தார். மோதிர விரல் நாவல்பழ நிறத்தில், பக்கத்து விரலைவிட இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. மேல் கணு கோணிக்கொண்டு நின்றது.

இளையவர்தான் வெடித்தார். “மேட்ச்சுக்கு முந்தின நாளு ஊட்டு வேலையில அண்ணன் வெரலு மேல கல்லு உழுந்துருச்சுங்க. மொத நாளு மேட்ச் முடிஞ்சதுமே நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சமுங்க. ரெண்டாம் நாளு பூராவும் நான் ஆடறது, அண்ணன் கைக்கு ஓய்வு குடுத்துப்போட்டுக் கடைசி நாளு மட்டும் ஆடறதுன்னு. அதச் சொல்லத்தானுங்க டீக்கடைக்கு வந்தாரு. நீங்க காது குடுத்தீங்களா? நேத்து நடுவுல எறக்கி உட்டீங்களே, அதுலதானுங்க வெரல் போச்சு.”

ஊரே இரண்டாகப் பிரிந்து யாருக்காக அடித்துக்கொண்டதோ, அந்த இரண்டு பேரும் முதல் நாளே சேர்ந்து உட்கார்ந்து சரியான முடிவை எடுத்திருந்தார்கள். அதைக் கெடுக்க ஒரே ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்குக் கோச் என்று பேர். ஆடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று மூத்தவரிடம் கேட்டேன். அந்த நேரத்திலும் குற்றத்தை அவர் தலையில் வைக்கத்தான் பார்த்திருக்கிறேன், பாருங்கள்.

“காலைல நீங்க பேரு கூப்பிட்டா வந்து நிக்கறவனுங்க நானு” என்றார் அவர். “நேத்தும் கூப்புட்டீங்க, வந்தேன். இன்னைக்குச் சாமி வேற சொல்லிருச்சுன்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றதுங்க.”

கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இளையவரை இறக்கினேன். இரண்டாவது செட்டை ஜெயித்து, மூன்றாவதில் இரண்டே புள்ளியில் தோற்றோம். மில் ஆள் இளையவரின் ஊர் பேரெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். போக மாட்டேன் என்று இளையவர் அடம்பிடித்தார். மூத்தவர்தான் தலைச்சோலைக்கே போய் அவரைத் திட்டி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் அடுத்த வாரம் மில்லுக்குப் போய் நடந்ததையெல்லாம் அந்த ஆளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். விரல் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கட்டுப் போட்டுப் பார்த்தோம், பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். விரல் நேராகவில்லை, அவருக்கு முப்பது வயதும் ஆகிவிட்டது. பெண் குழந்தைகள் இருவரும் மலை மேலேயே படித்தார்கள்.

கோச் வேலையை அன்றைக்கே விட்டுவிட்டேன். ரைட்டர் வேலையை விட முடியவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம், தினமும் காலையில் நான் பேர் கூப்பிட, மூத்தவர் கையைத் தூக்குவார். நான்கு விரல் நேராக நிற்கும், ஒன்று மட்டும் பாதியில் மடங்கி நிற்கும். மற்றவர்களுக்குக் குரல் கேட்டதும் குனிந்தபடியே எழுதிக்கொண்டு போவேன். அவர் பேர் வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்.

ஊரையெல்லாம் கேட்டேன், மலை ஏறிப்போய்ச் சாமியையும் கேட்டேன். என் முன்னால் நின்ற மனிதரை மட்டும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஒருவரைப் பற்றி ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே கூப்பிட்டு எதிரே உட்கார வைக்கிறேன், டீக்கடைக்கு எதிரே துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றவரை அப்போதாவது உட்கார வைத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டே.